முழங்காற் சில்லு: சேர்த்தலும் மடக்கலும்

எங்களூர்ப் பள்ளியில் முதல் ஸஃப்பின் வலது ஓரம் வாப்பாவுக்கென்றே ஒதுங்கியிருந்தது. வலது காலை மடக்க ஏலாது என்பதால் இருப்பிலும் சுஜூதிலும் அதை வெளியே நீட்டிக்கொள்ள இடம் வேணும். 1986இல் மதகுக் கட்டில் சைக்கிளோடு சரிந்து விழுந்ததில் முழங்காற் சில்லு குறுக்காக இரண்டாகிவிட்டது. தொடையிலிருந்து கணுக்காலுக்கு மேல் வரை பிளாஸ்டர் போட்டார்கள். ஆறு கிழமையில் வெட்டிப் பார்த்தபோது ஒட்டவில்லை என்று மறுபடியும் போட்டார்கள். மூன்று மாதம் கழித்து பிளாஸ்டரைக் கழற்றினால் கால் மரக்கட்டை. முறிவு வைத்தியர் ஒருவர் எண்ணெய் போட்டு உருவினார். கொஞ்சம் வளைந்தது, அவ்வளவுதான். எனக்கு அப்போது எட்டு வயது. வாப்பா கட்டிலில் சாய்ந்திருக்கும்போது அவருடைய முழங்காலைத் தடவிப் பார்ப்பேன். சில்லின் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். என் சுட்டுவிரல் அதில் சரியாக உட்காரும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நானும் அதே எலும்பை உடைத்துக்கொண்டேன். மழை நாள், பாடசாலைப் படிக்கட்டு, கையில் ஒரு கட்டு அப்பியாசக் கொப்பிகள். இடது முழங்கால் படியின் விளிம்பில் அடித்தது. எக்ஸ்ரேயில் வாப்பாவின் முறிவேதான், குறுக்காக இரண்டு துண்டு. ஒபரேஷன் செய்து கம்பியிட்டார்கள். இரண்டு கிழமை கழித்து பிசியோதெரப்பிப் பிள்ளை வந்து, "சேர், இனி மடக்கணும்" என்றது.

"மடக்கினாப் பிரிஞ்சு போகாதா மகள்?"

"மடக்கத்தானே சேர் கம்பி போட்டிருக்கு."

அந்தப் பதிலை நான் விளங்கிக்கொள்ளப் பல நாள் எடுத்தது. உடைந்ததை அசைக்காமல் வைத்திருக்க வேணும் என்றுதானே நாமெல்லாம் நம்பி வந்திருக்கிறோம்? தலையணையில் காலை உயர்த்தி வைத்துக்கொண்டு, இந்தச் சிறிய எலும்பை மனிதர் எப்படியெல்லாம் சேர்க்கப் பார்த்தார்கள் என்று தேடி வாசித்தேன். அந்த வாசிப்பின் விளைவே இக்கட்டுரை.

தமிழ் படித்தவன் சொல்லிலிருந்து தொடங்குவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நாம் சில்லு என்கிறோம், சிரட்டை என்றும் சொல்கிறோம். வட்டமான ஓட்டுத் துண்டும் சில்லு, வண்டிச் சக்கரமும் சில்லு. இலத்தீனில் இதற்கு 'பட்டெல்லா' என்று பெயர். சிறு தட்டு என்று பொருள். அரபியில் 'ரழ்ஃபா' என்றால் நெருப்பில் சூடாக்கிய கல், 'ஃபலகா' என்றால் நூல் நூற்கும் கதிரின் அடியில் கோத்த வட்டு. இரண்டுமே முழங்காற் சில்லுக்கு வழங்கிய சொற்கள். எல்லாச் சமூகமும் இந்த எலும்பில் தன் வீட்டுச் சாமான் ஒன்றைக் கண்டிருக்கிறது. உடற்கூற்றியலார் மட்டும் எள்ளைக் கண்டார்கள். தசைநாணுக்குள் புதைந்து வளரும் சிற்றெலும்புகளை எள் எலும்புகள் என்ற வகையில் சேர்ப்பார்கள். உடம்பிலுள்ள அந்த எள்களில் ஆகப் பெரியது முழங்காற் சில்லு.

தசைநாணுக்குள் இருக்கிறது என்பதில்தான் வில்லங்கமெல்லாம். தொடையின் முன்பக்கத்துப் பெருந்தசை கீழிறங்கி நாணாகிச் சில்லைப் பற்றிக்கொள்கிறது. சில்லின் கீழ்முனையிலிருந்து இன்னொரு நாண் கணைக்கால் எலும்புக்குப் போகிறது. காலை நீட்டும்போதெல்லாம் இந்தச் சங்கிலி இழுபடும். கை எலும்பு உடைந்தால் துண்டுகளை நேர்வைத்துச் சிம்பு கட்டினால் போதும். சில்லு குறுக்காக உடைந்தால் மேல்துண்டைத் தொடைத் தசை மேலே இழுத்துக்கொண்டு போய்விடும். இடையில் இரத்தம் தேங்கும். அப்படியே விட்டால் எலும்புக்குப் பதிலாக நார்த் திசு வளர்ந்து இடைவெளியை நிரப்பும். வாப்பாவின் முழங்காலில் என் விரல் உட்கார்ந்த பள்ளம் அந்த நார்தான்.

குர்துபா நகரின் பக்கத்தில் மதீனத்துஸ் ஸஹ்ராவில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி இந்த முறிவுக்குத் தனியாக ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறார். 1000ஆம் ஆண்டையொட்டி அவர் முடித்த 'கிதாபுத் தஸ்ரீஃப்' முப்பது பாகம் கொண்ட நூல். முப்பதாவது பாகம் முழுக்கச் சத்திர சிகிச்சை. அதன் முதற் பிரிவு சூடு வைப்பது, இரண்டாவது கீறுவது, மூன்றாவது எலும்பு பொருத்துவது. சில்லு உடைவது அரிது, அடிபட்டு நசுங்குவதே அதிகம் என்று அவர் தொடங்குகிறார். உடைந்தால் வெடிப்பாக இருக்கும், அல்லது துண்டுகளாகும். காயத்தோடும் வரும், காயமில்லாமலும் வரும். எல்லாவற்றையும் தொட்டே அறியலாம். துண்டுகளை விரல்களால் சமப்படுத்தி, மெதுவாக, ஆனமட்டும் கிட்டக் கொண்டுவந்து சேர்க்க வேணும். பிறகு மருந்துப் பத்து, தேவைப்பட்டால் அதற்கு மேல் வட்டமான ஒரு சிம்பு, அதற்கு மேல் கட்டு. நீண்ட எலும்புக்குரிய நீளச் சிம்பு இங்கே சரிவராது என்று கண்டு வட்டச் சிம்பைச் சொன்ன கை, நோயாளியின் முழங்காலைத் தொட்டுப் பார்த்த கை. கிரேக்க வைத்தியரான ஏஜினாவின் பவுல் 7ஆம் நூற்றாண்டில் எழுதியதை அவர் பின்பற்றினார் என்பதும் உண்மை. நம்மவர்கள் எழுதும்போது அதைச் சொல்லாமல் விடுகிறார்கள்; சொல்வதால் ஸஹ்ராவிக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

அந்தப் பிரிவின் முன்னுரையில் அவர் கோபப்படுகிறார். முன்னோரின் நூல்களில் ஓர் எழுத்தும் பார்க்காத பாமரர் இந்தக் கலையைத் தமதென்று பெருமையடிப்பதாகவும், அதனாலேயே தம் நாட்டில் அது அழிந்துபோனதாகவும் சொல்கிறார். ஆயிரம் வருடத்துக்கு முந்திய கோபம். நேற்றெழுதியது போல இருக்கிறது.

எலும்பு பொருத்துவதற்கு அவர் ஆண்ட சொல் 'ஜப்ர்'. இந்தச் சொல்லை நாம் நினைக்காமலே தினமும் சொல்கிறோம். இரண்டு சுஜூதுகளுக்கு இடையிலான இருப்பில் ஓதும் துஆவில் 'வஜ்புர்னீ' என்று ஓர் இடம் வரும். என் முறிவைச் சேர்த்து வைப்பாயாக என்று பொருள். முறிவுக்குக் கட்டும் சிம்பு 'ஜபீரா'. குவாரிஸ்மி 9ஆம் நூற்றாண்டில் தம் கணித நூலுக்கு இட்ட பெயரிலும் இதே சொல் இருக்கிறது. சமன்பாட்டின் ஒரு பக்கத்தில் குறைந்து கிடப்பதை ஈடுசெய்து முழுமையாக்குவதை அவர் அல்ஜப்ர் என்றார். எங்கள் பாடசாலைக் கணித ஆசிரியருக்கு இதைச் சொன்னபோது, "அப்ப பிள்ளையளுக்கு நான் கால் முறிவு படிப்பிக்கிறன்" என்று சிரித்தார். ஸ்பானிய மொழியில் 'அல்ஹெப்ரிஸ்டா' என்றால் வெகுகாலம் முறிவு வைத்தியர்தான். செர்வாந்தெஸ் 1615இல் வெளியிட்ட டொன் கிஹோத்தேயின் இரண்டாம் பாகத்திலும் அப்படி ஒருவர் வந்து போகிறார்.

ஜபீராவுக்கு மேல் மஸ்ஹு செய்வது பற்றி நமது ஷாஃபிஈ நூல்களில் நீண்ட சட்டமே உண்டு. பிளாஸ்டர் போட்டவர்கள் வுழூவுக்கு என்ன செய்வது என்று பதறுவார்கள். முழங்காற் சில்லுக்காரருக்கு அந்தப் பதற்றம் தேவையில்லை. கட்டு கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடும். பாதம் வெளியே இருக்கும். முழங்கால் வுழூவின் உறுப்பும் அல்ல. குளிப்புக் கடமையாகும்போதுதான் மஸ்ஹும் தயம்மமும் வரும். இதை எனக்கு விளக்கிய மௌலவி, வாப்பாவின் பக்கத்தில் நின்று தொழுதவர்.

தஸ்ரீஃபின் அந்த முப்பதாம் பாகத்தை 12ஆம் நூற்றாண்டில் தொலேதோவில் கிரெமோனாவின் ஜெரார்ட் இலத்தீனுக்குப் பெயர்த்தார். ஐரோப்பா அதைப் பல நூற்றாண்டு படித்தது. நம் தீவுக்கு அந்தலூஸிலிருந்து ஏதாவது வந்து சேர்ந்ததா? கேகாலைப் பக்கத்துக் கெட்டபேரியாவின் கோபால குடும்பத்தார் சிங்கள மன்னர்களுக்கு வைத்தியம் செய்தவர்கள். தம் முன்னோர் முஸ்லிம் ஸ்பெயினிலிருந்து புறப்பட்டவர்கள் என்பது அவர்களுடைய குடும்பப் பாரம்பரியம். இலங்கை முஸ்லிம்களின் வரலாறு எழுதிய லோனா தேவராஜா இதைப் பதிவுசெய்திருக்கிறார். 1811 முதல் 1819 வரை இங்கே பிரதம நீதியரசராயிருந்த சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டனும், இலங்கை முஸ்லிம் வணிகரிடையே அரபு மருத்துவ நூல்கள் புழங்கியதைக் குறிப்பிட்டார். இவற்றை வைத்துக்கொண்டு, ஸஹ்ராவியின் வட்டச் சிம்பு கெட்டபேரியாவில் கட்டப்பட்டது என்று எழுதிவிட ஆசையாகத்தான் இருக்கிறது. பாரம்பரியம் பாரம்பரியமாகவே இருக்கட்டும். நாம் ஆதாரத்துக்கு மேலே கட்டடம் எழுப்ப வேண்டாம். சிங்களவர் கடும் பிந்தும் வெதகம என்பதும் நாம் முறிவு நெரிவு வைத்தியம் என்பதும் இந்த மண்ணில் தமக்கென்று பரம்பரை கொண்டவை. பரிசாரியின் வீட்டுத் திண்ணையில் மூன்று சமூகத்தாரும் ஒன்றாகக் காத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பரிசாரியிடம் சில்லு முறிவு சுகமாகியது என்று சொல்வோர் பொய் சொல்வதில்லை. வெடிப்பு மட்டும் விழுந்து, துண்டுகள் விலகாமல், பக்கத்து நார்கள் கிழியாமல் இருந்தால் கட்டும் ஓய்வும் போதும். இன்றைய வைத்தியசாலையிலும் அப்படிப்பட்ட முறிவுக்குக் கத்தி வைக்கமாட்டார்கள். படுத்தபடி காலை நேராக உயர்த்தச் சொல்வார்கள். உயர்த்த ஏலுமென்றால் இழுக்கும் சங்கிலி அறுபடவில்லை என்பதற்கு அது நல்ல அடையாளம். உயர்த்த ஏலாதவருக்கு எந்த எண்ணெயும் உதவாது. வாப்பாவால் உயர்த்த ஏலவில்லை. என்னாலும் ஏலவில்லை.

அப்படிப்பட்டவர்களை எந்த நாட்டு வைத்தியரும் வெகுகாலம் குணமாக்கவில்லை. 16ஆம் நூற்றாண்டின் பெரும் பிரெஞ்சுச் சத்திர வைத்தியர் அம்புரோய்ஸ் பரே, இந்த எலும்பு உடைந்து பிறகு நொண்டாமல் நடந்த ஒருவரையும் தாம் கண்டதில்லை என்ற கருத்தில் எழுதினார். பரேயின் நூல்களை 19ஆம் நூற்றாண்டில் பதிப்பித்த மல்கேய்ன் தாமும் ஒரு சத்திர வைத்தியர். அவர் ஒரு கருவி செய்தார்: கூரான இரட்டைக் கொக்கிகள், நடுவில் திருகாணி. கொக்கிகளைத் தோலுக்கு மேலாலேயே மேல்துண்டிலும் கீழ்த்துண்டிலும் குத்தி, திருகாணியை முறுக்கி நெருக்குவது. படத்தைப் பார்த்தபோது என் கால் தானாக ஒதுங்கியது. ஆனால் மனிதர் நோயைச் சரியாக விளங்கியிருந்தார். இழுப்புக்கு எதிரே இழுப்பு வேணும்.

கட்டுக்கும் ஒரு கதை உண்டு. பஸ்ராவில் உடைந்த காலைச் சுற்றிக் குழைத்த ஜிப்சம் வார்த்து இறுகவிடும் வழக்கத்தைக் கண்டதாக அங்கே இருந்த பிரித்தானியக் கொன்சல் ஈற்றன் 1798இல் எழுதினார். பிளாஸ்டர் தடவிய பெண்டேஜை 1851இல் ஒல்லாந்துப் படை வைத்தியர் மத்தைசன் உருவாக்கினார். வாப்பாவின் காலில் இருந்தது அந்த வழியில் வந்தது. தொடை எலும்புக்கும் கணைக்காலுக்கும் அது நல்ல மருந்து. விலகிய சில்லை அதனால் சேர்க்க முடியாது, ஏனென்றால் இழுப்பு பிளாஸ்டருக்கு உள்ளேயே நடக்கிறது.

துண்டுகளை நேரே பார்த்து, துளையிட்டுக் கம்பியால் கட்டினால் என்ன என்ற எண்ணம் முன்னமே பலருக்கு வந்திருந்தது. செய்தவர்களின் நோயாளிகள் சிலர் மௌத்தானார்கள். மூடியிருக்கும் மூட்டைத் திறந்தால் சீழ் வைக்கும். சீழ் வைத்தால் காலை வெட்ட வேணும், இல்லாவிட்டால் உயிர் போகும். நொண்டியாக நடப்பவனை எந்த நியாயத்தில் அந்த ஆபத்துக்குள் தள்ளுவது? ஜோசப் லிஸ்டர் 1865இல் கிளாஸ்கோவில் காபோலிக் அமிலத்தால் காயங்களைக் காக்கத் தொடங்கிய பிறகே இந்தக் கணக்கு மாறியது. 1877இல் அவர் லண்டன் கிங்ஸ் கல்லூரி வைத்தியசாலைக்கு வந்தார். அங்கே பலர் அவரை நம்பவில்லை. ஒக்டோபர் 26ஆம் திகதி, நடுவயதுக்காரர் ஒருவரின் முழங்காலைத் திறந்து, சில்லின் இரண்டு துண்டுகளிலும் துளையிட்டு, வெள்ளிக் கம்பியால் இறுக்கினார். அவரிடம் பயின்ற ஹெக்டர் கேமரன் அதே வருடம் சற்று முன்னர் கிளாஸ்கோவில் ஒட்டாத பழைய முறிவொன்றை இப்படிக் கட்டியிருந்தார். ரோன்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895இல்தான். லிஸ்டருக்கு விரலும் கண்ணும் மட்டுமே துணை. நோயாளி செத்தால் அவர்மேல் வழக்குப் போட வேணும் என்று பேசிய வைத்தியர்களும் இருந்தார்கள். நோயாளி சாகவில்லை, சில்லு ஒட்டியது. 1883இல் இப்படிக் கம்பியிட்டவர்களைப் பற்றி லிஸ்டர் லண்டன் மருத்துவச் சங்கத்தில் உரையாற்றினார். மூட்டைத் திறப்பதென்ற பயம் அன்றோடு குறையத் தொடங்கியது.

மற்றப் பயம் போகவில்லை. அசைத்தால் பிரிந்துவிடும் என்ற பயம். லிவர்பூலின் ஹியூ ஓவன் தோமஸ் பரம்பரை முறிவு வைத்தியக் குடும்பத்தில் பிறந்து, மருத்துவம் படித்து டொக்டரானவர். ஓய்வு, இடைவிடாத ஓய்வு, நீண்ட ஓய்வு என்பதே அவருடைய பாடம். பிரான்சில் லூக்கா ஷம்பியோனியேர் நேர் எதிராகச் சொன்னார். அவர் லிஸ்டரின் முறையைத் தம் நாட்டுக்குக் கொண்டுபோனவர். முறிவை உருவியும் அசைத்தும் குணமாக்குவது பற்றி 1895இல் ஒரு நூலே எழுதினார். ஆங்கில உலகில் தோமஸின் பக்கமே வெகுகாலம் வென்றது. அது காசநோய் மூட்டுகளுக்கு நல்லது செய்தது, சில்லுக்குச் செய்யவில்லை. மூட்டைப் பல மாதம் பூட்டிவைத்தால் உள்ளே நார்கள் ஒட்டிக்கொள்ளும், தசை வற்றும், குருத்தெலும்புக்கு ஊட்டம் போகாது. அசைவினால்தான் குருத்தெலும்பு உணவு எடுக்கிறது. சில்லின் பின்புறத்தில் இருப்பது உடம்பிலேயே ஆகத் தடித்த குருத்தெலும்பு. டொரொன்டோவில் ரொபர்ட் சோல்ட்டர் 1970 தொடக்கம் முயல்களின் மூட்டுகளைத் தொடர்ந்து அசைத்துப் பார்த்து, அசைந்தவை பூட்டியவற்றைவிட நன்றாகக் குணமாவதை நிறுவினார்.

இடையில் ஒரு விசித்திரமான காலமும் இருந்தது. 1937இல் புரூக் என்ற ஆங்கிலச் சத்திர வைத்தியர், சில்லு உண்மையில் உபயோகமில்லாத எலும்பு, உடைந்தால் எடுத்துவிடுவதே நல்லது என்று எழுதினார். பலர் அதைப் பின்பற்றினார்கள். 1971இல் கோஃபர் அளந்து காட்டினார்: காலை முழுதாக நீட்டும் வேளையில் நீட்டும் வலுவில் ஏறத்தாழ 30 சதவீதம் சில்லினால் வருகிறது. நாணை மூட்டின் மையத்திலிருந்து தள்ளிப் பிடிக்கும் நெம்பு அது. துலாவில் தண்ணீர் இறைத்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பிசியோதெரப்பிப் பிள்ளையின் பதிலுக்கு இப்போது வரலாம். ஜெர்மனியின் ஆகன் நகரத்து பிரிட்றிக் பவுவெல்ஸ் எலும்பைப் பொறியியலாளரின் கண்ணால் பார்த்தவர். வளையும் பொருளின் ஒரு பக்கம் விரிய, மறுபக்கம் நெருங்கும். விரியும் பக்கத்தில் ஒரு பட்டியைக் கட்டிவிட்டால் விரிக்கும் விசையே நெருக்கும் விசையாகிவிடும் என்றார். 1958இல் சுவிற்சர்லாந்தில் கூடிய ஏஓ குழுவினர் இந்தத் தத்துவத்தைச் சில்லுக்குப் பரவலாக்கினார்கள். இரண்டு நேர்க்கம்பிகள் சில்லுக்குள்ளே மேலிருந்து கீழாக. அவற்றின் முனைகளைச் சுற்றி, சில்லின் முன்புறத்தில், எட்டு வடிவத்தில் ஒரு மெல்லிய கம்பி. முழங்காலை மடக்கும்போது முறிவு முன்புறம் வாய்பிளக்கப் பார்க்கும்; முன்னாலுள்ள கம்பி விடாது; அப்போது பின்புறத்தில், மூட்டை நோக்கிய பக்கத்தில், துண்டுகள் ஒன்றையொன்று அழுத்தும். மல்கேய்னும் லிஸ்டரும் போராடிய அதே இழுப்பு இங்கே கூலியில்லாத வேலைக்காரனாகிவிட்டது. அந்தக் கம்பி 1986இல் உலகத்தில் இருந்தது. வாப்பாவிடம் வந்து சேரவில்லை.

விளங்கிக்கொண்டதால் வலி குறையவில்லை. முதல் நாள் முப்பது பாகை. "முப்பதா? பேனை பிடிச்ச கையாலயே முப்பது கீறுவன்" என்று பகிடி விட்டேன்; மடக்கும்போது கண்ணீர் வந்தது. ஆறாம் கிழமை தொண்ணூறு பாகை. நாற்காலியில் உட்கார அது போதும், வகுப்பெடுக்கலாம். தொழுகையின் இருப்புக்கு நூற்று முப்பதுக்கு மேல் வேணும் என்று அந்தப் பிள்ளையே அளந்து சொன்னது. எலும்பு ஒட்ட மூன்று மாதம் எடுத்தது. தொடைத் தசை திரும்ப வர ஒரு வருடம். இடது தொடை வலதைவிட இரண்டு விரல் சிறுத்திருந்தது. ஏறும்போது சுகமான கால் முன்னே, இறங்கும்போது சுகமில்லாத கால் முன்னே என்று படிக்கட்டில் நின்று முணுமுணுப்பேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அதைப் பாட்டாக்கிவிட்டார்கள். ஒன்பது மாதம் கதிரையில் இருந்துதான் தொழுதேன். நின்று தொழ ஏலாதவர் இருந்து தொழட்டும் என்ற இம்ரான் இப்னு ஹுஸைன் அவர்களின் ஹதீஸை நான் பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறேன். ஆனாலும் கதிரையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குள் போன முதல் நாள் வெட்கமாக இருந்தது. நான் போய் இருந்தது வலது ஓரத்தில்.

சலுகை இருக்கும்போது ஏன் இவ்வளவு கஷ்டப்பட்டு மடக்குகிறாய் என்று உம்மா கேட்டா. "உங்கட வாப்பா அப்படியே தொழுதுதானே மௌத்தாப் போனார், அல்லாஹ் ஏத்துக்காமலா விட்டான்?" உம்மாவுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. வாப்பா ஒருநாளும் குறைப்பட்டதில்லை. ஆனால் என் மகன் சின்னவனாயிருந்தபோது அவனைத் தோளில் ஏற்றக் குந்த முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற அவருடைய முகம் எனக்குத் தெரியும்.

பத்தாம் மாதம் ஒரு லுஹரில் கதிரையை வெளியே விட்டுப் போனேன். முதல் சுஜூதிலிருந்து எழுந்து இருக்கும்போது முழங்கால் இறுகி எரிந்தது, இருந்தேன். வஜ்புர்னீயில் கொஞ்சம் தாமதித்துவிட்டேன் போலும், இமாம் இரண்டாம் சுஜூதுக்குப் போய்விட்டார்.

சில்லு ஒட்டிவிட்டது. கம்பியின் முனை மட்டும் தோலுக்கடியில் உறுத்துகிறது. சுஜூதுக்குப் போகும்போது முழங்காலுக்குக் கீழே மடித்த துவாய் ஒன்று வைத்துக்கொள்கிறேன். இந்தக் கம்பி போட்டவர்களில் பலருக்கு இப்படித்தான், எலும்பு ஒட்டியபின் எடுத்துவிடலாம் என்கிறார் டொக்டர். டிசம்பர் விடுமுறைக்குத் திகதி தந்திருக்கிறார்கள். எடுத்த கம்பியைக் கையில் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.